மலைக்குளிரில் வேட்டை நாய்: ராத்திரி எங்கே படுக்க வைப்பது?

ஐப்பசி பிறந்தால் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே கூண்டில் விடலாமா, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா?" கேட்பவருக்கு அதற்கு முன்பே இரண்டு பதில்கள் கிடைத்திருக்கும். குட்டி கொடுத்த தெக்கத்திக்காரர் "நாட்டு நாய்தானே, எதையும் தாங்கும்" என்றிருப்பார். பக்கத்து வீட்டு லாப்ரடார்காரர் "ஐயோ, இந்தக் குளிரில் செத்துப்போகும்" என்றிருப்பார். இரண்டு பேரும் குளிரை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நாயை வெளியே வைப்பதில் குளிர் மூன்றாவது கேள்விதான். அதற்கு முன்னால் ஈரம் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் வெளியே, ராத்திரி கதவு மூடிய இடத்தில். அந்த இடம் வீட்டுக்குள்ளாகவும் இருக்கலாம், ஒழுங்காகக் கட்டிய கூண்டாகவும் இருக்கலாம். திறந்த முற்றத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நாயின் உடம்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றுமே விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வெயிலில் உருவான நாய்கள். முயலுக்குப் பின்னால் ஓடிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் நீண்ட கால், ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், குட்டை முடி. மேல்முடிக்குக் கீழே சூடு காக்கும் அடிமுடி என்று சொல்லும்படி எதுவும் இல்லை, தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. கரிசலில் வரமாக இருந்த இதே கட்டுதான் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் பாரமாகிறது. மூன்றிலும் ராஜபாளையம் பெரிய உடம்பு. சிப்பிப்பாறையைவிடச் சற்று நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். தேனி மாவட்டத்துக் கோம்பை இன்னும் திரண்ட கட்டு. மலையடிவாரத்து நாயும்கூட. நான்கில் மலைக்கு ஒன்று எடுக்கச் சொன்னால் நான் கோம்பையைத்தான் எடுப்பேன்.

இனத்தைவிட வயது முக்கியம். பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. வயதான நாய்க்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும், குட்டி போட்ட பெட்டையையும், காய்ச்சலிலிருந்து தேறிவரும் நாயையும் இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவை வீட்டுக்குள்தான். குட்டிகள் கிடக்கும் இடம் முதல் வாரத்தில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். மலையில் எந்தக் கூண்டும் அதைத் தராது.

ஈரமும் காற்றும். உறைபனி என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் உறைபனி விழும் ராத்திரியில் மேகம் இருக்காது, காற்றும் அநேகமாக இருக்காது. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காந்தல், தலைகுந்தா மாதிரித் தாழ்வான இடங்களிலும் குதிரைப் பந்தய மைதானத்துப் புல்லிலும் வெள்ளை படரும்போது மேட்டு வீட்டு வாசலில் ஒன்றும் இல்லாமல் போவது அதனால்தான். காலை எட்டு ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டால் நாய் வெயிலில் காலை நீட்டிப் படுத்துவிடும். ஆகவே மார்கழி, தையில் பிரச்சினை ராத்திரிக்கு மட்டும்தான்.

ஆடிச்சாரல் அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியின் மேற்குப் பக்கம் பகலிலும் 20 டிகிரியைத் தொடாது. மழை நிற்காது, காற்று விடாது, எதுவும் காயாது. குட்டை முடி ஒரே தூறலில் தோல்வரை நனைந்துவிடும். உலர்ந்த உடம்போடு 3 டிகிரியில் படுத்திருக்கும் நாயைவிட, நனைந்த உடம்போடு 10 டிகிரியில் காற்றடிக்கும் இடத்தில் கிடக்கும் நாய்க்கு ஆபத்து அதிகம். இடம் தேர்ந்தெடுக்கும்போது தெர்மாமீட்டரைவிட மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பாருங்கள்.

சிறுத்தை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, வால்பாறை எங்கும் வீட்டு வாசலிலிருந்து சிறுத்தை நாயைக் கவ்விப் போகும் சிசிடிவி காட்சிகள் செய்தியில் வந்துகொண்டே இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதியில், காடே இல்லாத வயல்காட்டில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வீட்டு நாயும் தெரு நாயும்தான் என்று தெரிந்தது. நாம் காவலுக்கு என்று வைத்திருப்பதை அது சாப்பாடு என்று பார்க்கிறது. வேட்டை நாய் ஓடித் தப்பித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். திறந்த வெளியில், பகலில், கட்டாமல் இருந்தால் ஒருவேளை தப்பிக்கும். சங்கிலியில் கிடக்கும் நாய் எங்கே ஓடும்?

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. நாயின் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். காது கேட்காத நாயை ராத்திரி வெளியே விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செலவும் வேலையும். நாய் படுக்கும் மரப்பெட்டியின் விலை ஒரு தடவை கொடுப்பது. வைக்கோல் மாற்றுவது, கூடுதல் தீனி, மழைக்காலத்தில் தரை காய வைப்பது எல்லாம் வருஷம் முழுக்க. இந்த இரண்டாவது கணக்கைத்தான் பெரும்பாலோர் போடுவதில்லை.

ஐந்தாவதாகக் காவலையும் சேர்க்கச் சொல்வார்கள். நான் சேர்க்கவில்லை. உள்ளே படுத்திருக்கும் நாயும் சத்தம் கேட்டால் குரைக்கும். வேட்டை என்ற காரணமும் இன்று இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைப் பிடித்தாலும் வழக்குதான். ராத்திரி நாயை அவிழ்த்து விட்டு, அது பக்கத்துக் காட்டில் கடமானையோ முயலையோ துரத்தினால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் 'அவிழ்த்து விடுவது' என்ற வழியை இந்தப் பட்டியலில் நான் வைக்கவே இல்லை.

## முற்றத்தில் பெட்டி, கழுத்தில் சங்கிலி

மலிவான வழி இது. நான்கு பலகை, மேலே ஒரு தகரம், ஒரு சங்கிலி. ஒசூரிலோ பெங்களூரிலோ, ராத்திரி 12, 14 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாத இடத்தில், நல்ல மதிலுக்குள், சங்கிலி இல்லாமல் இந்தப் பெட்டி போதும். மலைக்கு ஏறிவிட்டால் போதாது.

குளிரை மட்டும் பார்த்தால் பெட்டி மோசமான பொருளில்லை. நாய் தன் மூச்சாலும் உடம்பாலும் சூடாக்கிக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் அது பெரிய கூண்டைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். கெடுப்பது சங்கிலிதான். நாய் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றும். சங்கிலி பெட்டியின் மூலையிலோ செடியின் தூரிலோ மாட்டிக்கொள்ளும். உள்ளே திரும்பிப் போக முடியாமல் ராத்திரி முழுக்க ஈரப்புல்லில் நிற்கும். இத்தோடு சிறுத்தைக்குக் கட்டி வைத்த இரை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிப்போடுவதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாததும் அந்தச் சட்டப்படி குற்றம்தான்.

இமயமலை இடையர்கள் சிறுத்தைக்குப் பயந்து நாய்க்கு முள் வைத்த இரும்புக் கழுத்துப்பட்டை போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் கேட்கிறார்கள். அந்த நாய் அடர்ந்த முடியும் பெருத்த உடம்பும் கொண்டது, ஆட்டு மந்தையோடும் இடையனோடும் சேர்ந்து நிற்பது. கழுத்து மெலிந்த ஒற்றைச் சிப்பிப்பாறைக்கு அந்தப் பட்டை ஒரு சுமை, அவ்வளவுதான்.

## கூண்டு, அதற்குள் பெட்டி

திறந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் இது ஒன்றே வழி. இரண்டு நாய்க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழியும்கூட. கூண்டு சிறுத்தைக்கு, பெட்டி குளிருக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையை வாங்கப் பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பத்துக்குப் பத்தில் அழகான கம்பிக் கூண்டு கட்டி, சிமெண்டுத் தரையில் சாக்கு ஒன்றை விரித்து, "கென்னல் ரெடி" என்பார்கள். அந்தக் கூண்டுக்குள் வெளியே இருக்கும் அதே குளிர்தான்.

கூண்டைப் பொறுத்தவரை நான்கு விஷயம். மேல்பக்கம் திறந்திருக்கக் கூடாது. மதில் ஏறும் சிறுத்தைக்குக் கூண்டுச் சுவர் ஒரு பொருட்டில்லை. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை உதவாது. கனமான வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வேண்டும், அதன் கண் வழியே பாதம் நுழையக் கூடாது. கொக்கி போட்டால் போதாது, பூட்டோ தாழ்ப்பாளோ வேண்டும். பெட்டியைக் கம்பியை ஒட்டி வைக்காமல் ஒரு கை நீளமாவது தள்ளி நடுவில் வையுங்கள். உள்ளே புக முடியாத சிறுத்தை கம்பி வழியே கைபோட்டு இழுக்கப் பார்க்கும்.

பெட்டிக்கு வருவோம். மலையில் சில்வர் ஓக் பலகை எளிதாகக் கிடைக்கிறது, அது போதும். வளர்ந்த சிப்பிப்பாறைக்கு உள்ளளவு மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருந்தால் நுழைந்து, திரும்பி, சுருண்டு படுக்கலாம். பெரிதாகச் செய்தால் பாசம் என்று நினைக்காதீர்கள். பெட்டி பெரிதானால் நாயின் உடம்புச் சூடு அதை நிரப்பாது. தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். வாசலை நடுவில் வெட்டாமல் ஒரு ஓரத்தில் வெட்டினால் நாய் படுக்கும் மறு ஓரத்துக்குக் காற்று நேராக வராது. வாசலில் கனமான ரப்பர் மேட்டைத் தொங்கவிடலாம். முதல் சில நாள் நாய் அதைப் பார்த்து முறைக்கும், பிறகு தலையால் தள்ளிப் போய்வரப் பழகிவிடும்.

வாசல் எந்தத் திசையில்? புத்தகத்தில் எல்லாம் கிழக்கு என்று போட்டிருக்கும். ஊட்டியின் மேற்குப் பக்கம், எமரால்டு, அவலாஞ்சி வழியில் அது சரி. தென்மேற்குக் காற்று முதுகில் அடிக்கும், காலை வெயில் உள்ளே விழும். கோத்தகிரிக்காரர் அதையே செய்தால் வடகிழக்கு மழை நேரே பெட்டிக்குள் வரும். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் மழையில் பாசி பிடிக்காமல் இருக்கிறதோ, அந்தச் சுவர் பார்க்கும் திசையிலேயே பெட்டியின் வாசலையும் வையுங்கள்.

கூரை தகரம் என்றால் ஒன்று செய்யுங்கள். பனி விழுந்த காலையில் சூரியன் வருமுன் தகரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். நாயின் மூச்சு மேலே போய்த் தகரத்தில் குளிர்ந்து, திரும்ப அதன் முதுகிலேயே சொட்டுகிறது. மழை இல்லாத மாதத்திலும் வைக்கோல் நனைந்திருப்பதன் காரணம் இதுதான். தகரத்துக்கு அடியில் பிளைவுட் அடித்து, நடுவில் தெர்மாகோல் வைத்தால் சொட்டுவது நிற்கும். தெர்மாகோல் நாயின் வாய்க்கு எட்டக் கூடாது; கடித்துத் தின்றால் குடலில் அடைக்கும். கூரையை ஒட்டி விரலளவு இடைவெளி காற்றுக்கு விடுங்கள். இறுக்கி மூடிய பெட்டி இன்னும் ஈரமாகும்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி போட்டாலும் வெல்டு வைத்த இடத்தில் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க வேண்டும். வைக்கோலுக்குத் தனிக் கணக்கு. தீனிக்கு இன்னொரு கணக்கு. இவற்றையெல்லாம் கூட்டினால் வீட்டுக்குள் வைப்பதைவிடக் கூண்டு மலிவு என்ற எண்ணம் போய்விடும்.

இரண்டு நாய் என்றால் கூண்டின் பலம் கூடும். ஒரே பெட்டியில் இரண்டும் ஒட்டிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். வெள்ளைக்காரர்கள் வென்லாக் புல்வெளியில் குள்ளநரி வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்டு நாய்களை ஊட்டிக்குக் கொண்டுவந்து கூட்டமாக வளர்த்தார்கள். அந்த இனத்தை வளர்க்கும் முறையே அதுதான்: தரையில் படுக்க விடாமல், உயர்த்திப் போட்ட மரப்பலகையில் வைக்கோல் பரப்பி, கூட்டமாகப் படுக்க வைப்பது. பலகை, வைக்கோல், இன்னொரு நாயின் உடம்பு ஆகிய மூன்றுக்கும் இன்றைக்கும் மாற்று வரவில்லை.

## வராந்தா, போர்டிகோ, கார் ஷெட்

மழை படாது, காசும் செலவில்லை. ஆனால் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள இடத்தில் காற்று சுழன்று அடிக்கும். டைல்ஸ் போட்ட தரை குளிரை உறிஞ்சி வைத்திருக்கும். கொழுப்பில்லாத நாய் அந்தத் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப்போகும். பிறகு வெடித்துப் புண்ணாகும். சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் இப்போதே அதன் முழங்கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

சிறுத்தைக்கு இந்த இடம் முற்றத்தைவிடக் கொஞ்சமும் மேலில்லை. வீட்டு விளக்கும் ஆள் நடமாட்டமும் அதைத் தடுக்கும் என்பது நம் ஆசை. செய்தியில் பார்க்கும் காட்சிகளில் பல போர்டிகோவில் பதிவானவைதான்.

திறந்த பக்கத்துக்குக் கிரில் கதவு போட்டு, கிரில்லுக்கு உள்பக்கம் தடித்த பிளாஸ்டிக் சீட் திரை விட்டு, ஒரு பெட்டியையும் வைத்துவிட்டால் கதை மாறிவிடும். கூண்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு போதும், பாதுகாப்பு அதே அளவு. கார் ஷெட்டுக்கு ஷட்டர் இருந்தால் இன்னும் நல்லது. காருக்கடியில் சிந்திக் கிடக்கும் கூலன்ட் மட்டும் ஜாக்கிரதை: இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும். காலையில் நாய் உள்ளே இருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் வேண்டாம்.

## மாட்டுக் கொட்டகை, விறகுக் கொட்டகை

மாடு வைத்திருக்கும் வீடுகளில் நாய் தானாகவே தேர்ந்தெடுக்கும் இடம் கொட்டகைதான். இரண்டு மாடு நிற்கும் கொட்டகை வெளியைவிட நன்றாகவே சூடாக இருக்கும். ஓரத்தில் உயர்த்திய பலகையும் வைக்கோலும் போட்டால் நாய்க்கு அதைவிடச் சுகம் வேண்டாம். கதவு உண்டா என்பதுதான் கேள்வி. கதவில்லாத கொட்டகைக்குக் கன்றைத் தேடி சிறுத்தை எப்படியும் வரும்.

உண்ணி இங்கே நிச்சயம். மாட்டுக்கும் நாய்க்கும் சேர்த்து மருந்து போட வேண்டும், அதுவும் விடாமல். மாட்டுக்கு ஊற்றும் உண்ணி மருந்தையே நாய்க்கும் அளவு தெரியாமல் தடவாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாய்க்கு உரியதை வாங்குங்கள்.

விறகுக் கொட்டகை உலர்ந்த இடம். எலியும் அதைப் பிடிக்க வரும் பாம்பும் உண்டு என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை.

## வீட்டுக்குள்

சிறுத்தைப் பயம் தீர்ந்தது, ஈரம் தீர்ந்தது, காற்று தீர்ந்தது. ஒற்றை நாய் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் வாதமே தேவையில்லை. பின்கட்டில், சமையலறைக்குப் பக்கத்தில், ஸ்டோர் ரூமில், எங்கேயானாலும் ஒரு கட்டிலுயரப் பலகையும் பழைய மெத்தையும் போதும்.

எதிர்ப்பு பெரும்பாலும் வீட்டிலிருந்தே வரும். "நாய் வாசலோடு நிற்கட்டும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சுலபமில்லை. பூஜை அறைப் பக்கம் போகாமல் பழக்க முடியும்; இந்த நாய்கள் தங்களுக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் அதை விட்டு நகராதவை. முடி உதிர்வதும் லாப்ரடாரை ஒப்பிட்டால் மிகக் குறைவு.

உண்மையான குறை வேறு. கதகதப்பான அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் படுத்துப் பழகிய நாயை விடிகாலை ஐந்து மணிக்கு உறைபனியில் வெளியே விட்டு அரைமணி நேரம் மறந்துவிடுவார்கள். வெளிக்குளிருக்குப் பழகாத உடம்பு அதைத் தாங்காது. உள்ளே வைப்பதானால் ஹீட்டர் இல்லாத அறையில் வையுங்கள், பகலில் வெளியே நன்றாக ஓட விடுங்கள். ஓட்டம் இல்லாவிட்டால் இந்த நாய்கள் சோபாவைக் கிழித்துத்தான் கணக்குத் தீர்க்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஈரம், காற்று | சிறுத்தை | முதல் செலவு | பிறகு வரும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| முற்றத்தில் பெட்டி, சங்கிலி | சுமார் | பாதுகாப்பே இல்லை | குறைவு | நாயையே இழக்க நேரலாம் | சமவெளியில், மதிலுக்குள், சங்கிலி இல்லாமல் |
| கூண்டும் பெட்டியும் | நன்று | நன்று | அதிகம் | வைக்கோல், பெயிண்ட், தீனி | இரண்டு நாய்க்கு மேல், இடவசதி உண்டு |
| திறந்த வராந்தா, போர்டிகோ | மழைக்கு நன்று, காற்றுக்கு மோசம் | பாதுகாப்பே இல்லை | இல்லை | முழங்கைப் புண்ணுக்கு மருத்துவம் | பகலுக்கு மட்டும் |
| கிரில் போட்ட வராந்தா, பெட்டியோடு | நன்று | நன்று | நடுத்தரம் | வைக்கோல் | ஒன்று, இரண்டு நாய். உள்ளே விட மனமில்லாத வீடு |
| கதவுள்ள கொட்டகை | நன்று | கதவைப் பொறுத்தது | குறைவு | உண்ணி மருந்து | மாடு வைத்திருப்பவர் |
| வீட்டுக்குள் | மிக நன்று | மிக நன்று | இல்லை | பழக்கும் பொறுமை | ஒற்றை நாய், குட்டி, கிழடு, சினை |

## வெளியே என்று முடிவு செய்தவர்களுக்கு

வைக்கோலா, கம்பளியா என்று கேட்பவர்களுக்கு: வைக்கோல். அதன் தண்டு உள்ளே பொள்ளல்; காற்றைப் பிடித்து வைக்கும், நாய் அதைக் குடைந்து தனக்கு ஒரு குழி செய்துகொள்ளும். துணியும் சாக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு அப்படியே நாயின் வயிற்றில் ஒட்டும். மலையில் வைக்கோல் விளையாது, சமவெளியிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். மழைக்கு முன்பே வாங்கி உலர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள். காலையில் கையைப் படுக்கையின் அடிவரை விட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்து, அடியில் சில்லென்று பிசுபிசுத்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பூஞ்சை வாடை வந்த வைக்கோலை அப்படியே எருக்குழிக்கு அனுப்புங்கள். சில்வர் ஓக் சருகு இலவசமாகக் கிடைக்கிறதே என்று போடுபவர்கள் உண்டு. அது சீக்கிரம் படிந்து தட்டையாகி ஈரம் கோக்கும்.

கரிக் கணப்பை மூடிய இடத்தில் வைக்கவே கூடாது. மலையில் குளிருக்குக் கரி மூட்டி அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்த செய்தி குளிர்காலத்தில் வருகிறது. ஆளைக் கொல்வது நாயை விடாது. பெட்டிக்குள் குண்டு பல்பு தொங்கவிடுவதும் வேண்டாம். வைக்கோலும் சூடான பல்பும் ஒரே பெட்டியில் இருப்பது தீவிபத்துக்கு ஏற்பாடு. இளம் நாய் வயரையும் கடிக்கும்.

ஸ்வெட்டர், ஜாக்கெட் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. உலர்ந்த ராத்திரியில், பெட்டிக்குள், உதவும். மூடுபனியில் போட்டுக்கொண்டு திரியும் நாயின் கம்பளி ஸ்வெட்டர் ஈரத்துணி கட்டிய மாதிரிதான். போட்டால் தினமும் கழற்றிக் காயவைக்க வேண்டும். கழுத்து, அக்குள் பக்கம் உராய்ந்து புண்ணாகிறதா என்றும் பாருங்கள்.

தீனி: வெளியே படுக்கும் நாய் சூட்டுக்கே நிறையச் செலவழிக்கிறது. ஊரில் கம்மங்கூழும் மோரும் குடித்து வளர்ந்தது என்று இங்கேயும் அதையே ஊற்றினால் ஒரே குளிர்காலத்தில் இடுப்பெலும்பு எழுந்து நிற்கும். கேழ்வரகோ சோறோ எதுவானாலும் கூடவே முட்டை, கோழித்தோல், கொழுப்போடு இறைச்சி வேண்டும். சாதாரண அளவைவிடக் கால் பங்கு வரை கூட்டிப் பாருங்கள், நாயின் முதுகைத் தடவிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. முதுகெலும்பு விரலில் நெருடினால் தீனி போதவில்லை. ஒரே வேளையில் கொட்டாதீர்கள். நெஞ்சு ஆழமான இந்த நாய்களுக்கு வயிறு முட்டத் தின்று ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டு வேளையாகப் பிரித்து, கடைசி வேளையை இருட்டுமுன் கொடுங்கள். உறைபனிக் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தில் மெல்லிய ஏடு படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றி வையுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? நடுக்கம் முதல் அறிகுறி. அந்த நிலையில் உள்ளே கொண்டுவந்து துடைத்துவிட்டால் போதும். பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குவது, கூப்பிட்டும் எழாமல் சுருண்டே கிடப்பது, நடை தள்ளாடுவது அடுத்த கட்டம். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டு அசையாமல் கிடந்தால் சூடேறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது மோசமான நிலை. நாயின் இயல்பான உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 37-க்குக் கீழே இறங்கியிருந்தால், துவட்டி, கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வயிற்றுப் பக்கம் வைத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சுடுதண்ணீரில் இறக்குவது, நெருப்புக்குப் பக்கத்தில் போடுவது இரண்டும் கூடாது.

## யாருக்கு எது

ஊட்டி, குந்தா பக்கம் ஒற்றைச் சிப்பிப்பாறை அல்லது கன்னி வைத்திருப்பவர் யோசிக்க வேண்டாம், ராத்திரி வீட்டுக்குள். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கிரில் போட்ட வராந்தாவும் பெட்டியும்.

குன்னூர், கோத்தகிரியில் குளிர் ஒரு படி குறைவு. ஆனால் தேயிலைத் தோட்டம் வழியே கரடியும் காட்டு மாடும் வீட்டு வாசல்வரை வருகின்றன. கரடியைக் கண்டால் வேட்டை நாய் ஒதுங்காது, போய் வம்பிழுக்கும். இங்கே கூண்டின் பூட்டு நாயை அதனிடமிருந்தே காப்பதற்கும்தான். வால்பாறைக்கும் அப்படியே: குளிரைப் பற்றிக் கவலைப்படாமல் மழையையும் சிறுத்தையையும் பாருங்கள். ஏற்காட்டில் உலர்ந்த இடத்தில் நல்ல பெட்டியும் மூடிய கதவும் போதும்.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில், மூணாறிலும் வால்பாறையிலும், இரண்டு அறைக்குள் குடும்பமே நெருக்கி இருக்கும்போது நாயை உள்ளே படுக்க வை என்று சொல்வது எளிது. அங்கே நடைமுறைக்கு ஒத்துவருவது விறகு வைக்கும் சாய்ப்பை நாலு பக்கமும் பலகை அடித்து, தாழ்ப்பாளோடு கதவு போட்டுக்கொள்வது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து போட்டால் நாய்களும் சேர்ந்து படுக்கும், செலவும் பங்காகும்.

குட்டி இன்னும் வாங்கவில்லை என்றால் இந்தக் கார்த்திகை, மார்கழியில் வாங்காதீர்கள். கரிசல் வெயிலில் பிறந்து தாயை விட்டுப் பிரிந்த குட்டியை நேரே உறைபனிக்குள் ஏற்றுவது அதற்குச் செய்யும் கொடுமை. மாசி, பங்குனியில் கொண்டுவந்தால் அடுத்த குளிர் வருவதற்குள் அது கிட்டத்தட்ட முழு வளர்ச்சிக்கு வந்திருக்கும், மலைக்கும் பழகியிருக்கும். முதல் குளிர்காலம் முழுக்க ராத்திரி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு கட்டுவதா வேண்டாமா என்பதை இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால், அந்த நாயின் உடம்பைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.